வாசல் யார் கையில்?

(இண்டர்நெட் டெலிபோன் பற்றி, கோவில்பட்டியில் தொழிலாளரும் வாலிபர்களும் கூடிய வகுப்பில் நிகழ்த்திய பேச்சு)



டெலிபோனைப் பற்றிப் பேச வேண்டுமென்று கேட்டிருக்கிறீர்கள். இன்று அது தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் பெண்ணிடம் இருக்கிறது. பருத்திக் காட்டில் களை எடுப்பவரிடமும் இருக்கிறது. கையில் இருப்பதாலேயே அது நமக்குத் தெரிந்த பொருள் என்று நினைத்துவிடுகிறோம். பொத்தானை அழுத்தினால் பேச்சு போகிறது, அவ்வளவுதானே என்கிறோம்.

அவ்வளவு அல்ல. நாம் பொத்தானை அழுத்திய கணத்துக்கும் மறுமுனையில் மணி அடிக்கும் கணத்துக்கும் நடுவே இரண்டு வேலையாட்கள் ஓடுகிறார்கள். ஒருவர் பெயர் கேட்கீப்பர், அதாவது வாசல் காவலாள். மற்றவர் பெயர் கேட்வே, அதாவது இரண்டு பாஷைக்கு நடுவே நிற்கும் துபாஷி. இருவரும் மனிதர்கள் அல்ல. யந்திரத்தில் ஓடும் கணக்குகள். ஆனால் யாரை உள்ளே விடுவது, யாரைத் திருப்பி அனுப்புவது என்பதை அவர்கள்தான் நிறைவேற்றுகிறார்கள். அவர்களுக்கு உத்தரவு போடுவது யார்? இதுதான் இன்றைய விஷயம்.

காவல் பழையது

வாசல் காவல் என்பது இண்டர்நெட்டோடு பிறந்ததல்ல. டிரங்க் கால் காலத்தை இங்கே மூத்தவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். வெளியூருக்குப் பேச வேண்டுமானால் ஆபரேட்டரிடம் நம்பரைப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். சாதாரண கால், அர்ஜண்ட் கால், லைட்னிங் கால் என்று தரம் உண்டு. காசு கூடினால் வரிசையில் முன்னால் போகலாம். பருத்தி விலை கேட்க நினைக்கும் வியாபாரியும், சாவுச் செய்தி சொல்லத் துடிக்கும் ஏழையும் ஒரே வரிசையில் நின்றாலும், முன்னால் போனது பணப்பைதான்.

அந்த ஆபரேட்டரை நீக்கி யந்திரத்தை வைத்த கதையும் சுவையானது. அமெரிக்காவில் கான்சாஸ் நகரத்தில் அல்மன் ஸ்ட்ரோஜர் என்று ஒருவர், பிணங்களை அடக்கம் செய்து கொடுக்கும் தொழில் நடத்திவந்தார். தம்மை அழைக்கும் வாடிக்கைக்காரர்களைப் போட்டிக்காரர் பக்கம் எக்ஸ்சேஞ்ச் ஆபரேட்டர் திருப்பிவிடுவதாக அவருக்குச் சந்தேகம் வந்ததாம். ஆபரேட்டரே வேண்டாம் என்று தானாக இணைக்கும் யந்திரத்தை வகுத்து, 1891-ல் அதற்குப் பேட்டண்ட் பெற்றார். 1892-ல் லா போர்ட் என்ற ஊரில் முதல் தானியங்கி எக்ஸ்சேஞ்ச் வேலை செய்யத் தொடங்கிற்று.

நம் நாட்டில் ஆபரேட்டர் தயவில்லாமல் வெளியூருக்கு நேரே டயல் செய்யும் வசதி 1960 நவம்பர் 26-ல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே முதலில் வந்தது. 1984-ல் சி-டாட் என்ற அரசாங்க ஆராய்ச்சி நிலையம் பிறந்தது. குளிர்சாதனம் இல்லாமல், வெயிலிலும் தூசியிலும் நின்று உழைக்கும் 128 இணைப்பு கிராம எக்ஸ்சேஞ்சை நம் எஞ்சினீயர்கள் அங்கே செய்து காட்டினார்கள். கரிசல் காட்டுத் தூசிக்கு ஏற்ற யந்திரம் அது. அதற்குப் பிறகு மஞ்சள் போர்டு போட்ட எஸ்.டி.டி. பூத்துகள் தெருவுக்குத் தெரு வந்ததை எல்லோரும் அறிவோம்.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது ஒன்று. ஆபரேட்டர் போனார், காவல் போகவில்லை. ஆபரேட்டர் மனதில் இருந்த விதி யந்திரத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மனிதர் பாரபட்சம் காட்டினால் முகத்தைப் பார்த்துச் சண்டை போடலாம். யந்திரம் பாரபட்சம் காட்டினால் யாரிடம் போய்க் கேட்பது?

பேச்சு பொட்டலமாகிறது

பழைய டெலிபோனில், நாம் பேசி முடிக்கும்வரை ஒரு பாதை முழுவதும் நமக்கே ஒதுக்கப்பட்டிருக்கும். பேசினாலும் சரி, மௌனமாக இருந்தாலும் சரி, வேறு யாரும் அதில் வர முடியாது. ரயிலில் ஒரு பெட்டியை முழுதாக ரிசர்வ் செய்தது போல.

இண்டர்நெட்டில் அப்படி இல்லை. நம் குரலை யந்திரம் ஒரு விநாடிக்கு 8,000 தடவை அளந்து எண்களாக்குகிறது. சாதாரண முறையில் இது விநாடிக்கு 64,000 பிட். அந்த எண்களைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி, ஒவ்வொன்றின் மேலும் விலாசம் ஒட்டி அனுப்புகிறது. பெரும்பாலும் விநாடிக்கு 50 பொட்டலம். இவை சினிமா, பாங்குக் கணக்கு, கல்யாணப் போட்டோ எல்லாவற்றோடும் ஒரே சாலையில் கலந்து போகின்றன. தீப்பெட்டிப் பண்டல்களை லாரி புக்கிங் ஆபீசில் போடுகிறோமே, அதைப் போல.

பண்டல் ஒரு நாள் தாமதமானால் சமாளிக்கலாம். பேச்சு தாமதமானால் உரையாடலே கெட்டுப்போகும். வாயிலிருந்து காதுக்கு ஒரு விநாடியில் சுமார் ஏழில் ஒரு பாகம், அதாவது 150 மில்லி விநாடிக்குள் போய்ச் சேர்ந்தால் நல்லது என்பது சர்வதேச டெலிபோன் அமைப்பின் கணக்கு. சாலையில் நெரிசல் வந்தால் அந்தக் கணக்கு தவறிவிடும். ஆகவே சாலைக்குள் எத்தனை பேச்சை விடலாம் என்று எண்ணிப் பார்த்து விடுவதற்கு ஓர் ஆள் தேவைப்பட்டது.

காவலாளின் நான்கு கடமைகள்

1996-ல் சர்வதேசத் தந்தி-டெலிபோன் யூனியன் எச்.323 என்ற விதிமுறையை வெளியிட்டது. பொட்டலமாகப் பேச்சையும் படத்தையும் அனுப்பும் அமைப்பில் யார் யார் இருக்க வேண்டும், எந்தச் சொல்லில் ஒருவரோடொருவர் பேச வேண்டும் என்பதை அது வகுத்தது. பேசுகிற கருவி ஒன்று, பலபேர் கூடிப் பேச உதவும் யந்திரம் ஒன்று, மூன்றாவது கேட்வே, நான்காவது கேட்கீப்பர்.

கேட்கீப்பருக்கு நான்கு கடமைகள். முதலாவது, விலாசம் கண்டுபிடித்தல். இரண்டாவது, உள்ளே வர அனுமதி கொடுத்தல் அல்லது மறுத்தல். மூன்றாவது, சாலையின் கொள்ளளவைப் பங்கிடுதல். நான்காவது, தன் வட்டாரத்தைப் பராமரித்தல்.

ஓர் உதாரணம். ஒரே ஸ்தாபனத்துக்குக் கோவில்பட்டியில் ஒரு கிளையும் தூத்துக்குடியில் ஒரு கிளையும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கோவில்பட்டிக் கருவிக்கு 201 என்று நம்பர். தூத்துக்குடிக் கருவிக்கு 305. காலையில் கருவியைப் போட்டதும் அது கேட்கீப்பரிடம் போய், “நான் 201, இன்ன விலாசத்தில் இருக்கிறேன், பெயரைப் பதிவு செய்துகொள்” என்கிறது. பதிவு ஆகிறது. இந்தப் பதிவுக்குக் கெடு வைக்கலாம். கெடு முடிவதற்குள் புதுப்பிக்காத கருவியின் பெயர் அடிபடும்.

பிறகு 201 சொல்கிறது: “305-உடன் பேச வேண்டும். எனக்கு இவ்வளவு இடம் வேண்டும்.” கேட்கீப்பர் பேரேட்டைப் பார்க்கிறது. 305 பதிவாகியிருக்கிறதா? 201-க்கு அங்கே பேச உரிமை உண்டா? சாலையில் இடம் இருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால், 305-ன் விலாசத்தைக் கொடுத்து, “போகலாம்” என்கிறது. வேறு வட்டாரத்து நம்பரானால், அந்த வட்டாரத்துக் கேட்கீப்பரிடம், “இந்த ஆள் உங்களிடம் உண்டா?” என்று கேட்டுச் சொல்கிறது. பேசி முடிந்ததும் இரு கருவிகளும் “முடிந்தது” என்று தெரிவிக்க, ஒதுக்கிய இடம் பொதுவில் சேர்ந்துவிடுகிறது.

இரண்டு விஷயங்களை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்.

முதலாவது: அனுமதி கிடைத்த பிறகு குரல் 201-லிருந்து 305-க்கு நேரே போகலாம். காவலாளின் காது வழியாகப் போக வேண்டிய கட்டாயம் இல்லை. நாம் பேசுவதைக் கேட்காமலே காவல் காக்க முடியும் என்பதற்கு இதுவே சாட்சி.

இரண்டாவது: அனுமதி மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். மறுப்புச் சீட்டில் காரணத்துக்கென்று தனிக் கட்டம் இருக்கிறது. “நீ கேட்ட ஆள் பதிவாகவில்லை” என்று இருக்கலாம்; “நீயே பதிவாகவில்லை” என்று இருக்கலாம்; “உனக்கு அந்த உரிமை இல்லை” என்றும், “இடம் இல்லை” என்றும் இருக்கலாம். யந்திரத்துக்கு இந்த ஒழுங்கை வகுத்திருக்கிறார்கள். ரேஷன் கார்டு மனுவைத் தள்ளும் ஆபீசில் இந்த ஒழுங்கு இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

ஆறாவது ஆள்

காவல் என்றாலே அடக்குமுறை என்று நினைத்துவிடக் கூடாது. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கோவில்பட்டிக் கிளைக்கு வரும் குழாயில் பேச்சுக்கென்று 128 கிலோபிட் ஒதுக்கியிருப்பதாகக் கொள்வோம். குரலை நன்றாகச் சுருக்கும் ஜி.729 என்ற முறையில் ஒரு பேச்சுக்கு 8 கிலோபிட் போதும். அப்படியானால் 16 பேர் பேசலாமே என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு பொட்டலத்திலும் பேச்சு 20 பைட்; அதன் மேல் ஒட்டிய விலாசம் 40 பைட். சரக்கை விடச் சாக்கு கனம்! மொத்தம் 60 பைட், விநாடிக்கு 50 பொட்டலம், பைட்டுக்கு 8 பிட். பெருக்கினால் 24 கிலோபிட். ஆகவே ஐந்து பேர் பேசினால் 120; ஆறாவது ஆள் வந்தால் 144.

ஆறாவது ஆளையும் உள்ளே விட்டால் என்ன ஆகும்? அவர் பேச்சு மட்டும் கெடாது. ஆறு பேருடைய பொட்டலங்களும் நெரிசலில் சிக்கி, ஆறு பேச்சும் உடைந்து போகும். கண்மாயில் கொஞ்சமாக நிற்கும் தண்ணீருக்கு ஆளுக்கொரு மடையைத் திறந்தால் எந்த வயலுக்கும் போய்ச் சேராது. அதைப் போல. ஆகவே ஆறாவது ஆளை “சற்றுப் பொறு” என்று நிறுத்துவது நியாயம்.

ஆனால் அந்த ஆறாவது ஆள் யார்? கேள்வி இங்கேதான் எழுகிறது. மானேஜர் பேச வந்தால் குமாஸ்தாவின் பேச்சைத் துண்டித்துவிடு என்று விதி எழுதலாம். விபத்துக்கு ஆம்புலன்ஸ் அழைப்பவருக்கு எப்போதும் ஓர் இடம் காலியாக வை என்றும் விதி எழுதலாம். யந்திரத்துக்கு இரண்டும் ஒன்றுதான். விதியை எழுதுகிறவர் யார், எழுதியதை நாம் படிக்க முடியுமா என்பதில்தான் வித்தியாசம் வருகிறது.

துபாஷி

இனி கேட்வேயைப் பார்ப்போம். டூப்ளே காலத்துப் புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை தலைமைத் துபாஷியாக இருந்தார். பிரெஞ்சுக்காரருக்கும் நம் நாட்டாருக்கும் இடையே பேச்சும் வியாபாரமும் அவர் வழியாக நடந்தன. கேட்வே செய்வதும் அதே வேலை. இண்டர்நெட்டுக்குப் பொட்டலப் பாஷை. பழைய டெலிபோனுக்குப் பாதைப் பாஷை. ஒன்றுக்கு மற்றொன்று புரியாது.

இண்டர்நெட் கருவியிலிருந்து ஒருவர் 04632 என்று தொடங்கும் கோவில்பட்டி லேண்ட்லைன் நம்பரைக் கூப்பிடுகிறார் என்போம். கேட்கீப்பர் பேரேட்டைப் பார்க்கிறது. அந்த நம்பர் தன் வட்டாரத்துக் கருவி அல்ல, பழைய டெலிபோன் உலகத்தைச் சேர்ந்தது என்று தெரிந்துகொள்கிறது. கேட்வேயின் விலாசத்தைக் கொடுக்கிறது. கேட்வே ஒரு கையால் பொட்டலங்களை வாங்குகிறது, முன்பின்னாக வருபவற்றைச் சற்றே நிறுத்தி வரிசைப்படுத்துகிறது, சுருக்கிய குரலை விரிக்கிறது, எதிரொலியை நீக்குகிறது. மறு கையால் எக்ஸ்சேஞ்சுக்கு அதன் பாஷையில், “இன்ன நம்பருக்கு மணி அடி” என்கிறது. இங்கே எடுத்துப் பேசும் பெரியவருக்கு நடுவில் துபாஷி இருப்பதே தெரியாது.

எக்ஸ்சேஞ்சிலிருந்து கேட்வேக்கு வரும் வழக்கமான ஒரு கம்பித் தொகுதியில் 30 பேச்சுப் பாதைகள் உண்டு. முப்பதும் நிரம்பப் போகும்போது, “என்னிடம் இடமில்லை” என்று கேட்வே காவலாளுக்குத் தெரிவிக்கலாம். காவலாள் அடுத்த அழைப்பை வேறு கேட்வேக்கு அனுப்பும். ஒருவர் பேரேடு, மற்றவர் மொழிபெயர்ப்பு. இருவரும் கூடினால்தான் இண்டர்நெட் உலகமும் டெலிபோன் உலகமும் ஓர் உலகமாகும்.

துபாஷி இல்லாவிட்டால்? இரண்டும் இரண்டு தீவுகள். அப்படித்தான் நம் நாட்டில் 16 வருஷம் வைத்திருந்தார்கள்.

16 வருஷப் பூட்டு

1-4-2002 முதல் இந்தியாவில் இண்டர்நெட் டெலிபோன் அனுமதிக்கப்பட்டது. எப்படிப்பட்ட அனுமதி? ஒரு கம்ப்யூட்டரிலிருந்து மற்றொரு கம்ப்யூட்டருக்குப் பேசலாம். இங்குள்ள கம்ப்யூட்டரிலிருந்து வெளிநாட்டு டெலிபோனுக்குப் பேசலாம். எச்.323 போன்ற விதிமுறைப்படி அமைந்த கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளலாம். ஆனால் இந்தியாவிலுள்ள சாதாரண டெலிபோன் நம்பருக்கு மட்டும் பேசக் கூடாது! அதாவது, காவலாள் இருக்கலாம். துபாஷி நம் ஊர்ப் பக்கம் வாய் திறக்கக் கூடாது.

இதன் பொருள் என்ன? கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களுக்கு மலிவான பேச்சு கிடைத்தது. கரிசல் கிராமத்தில் லேண்ட்லைனோ சாதாரண மொபைலோ வைத்திருந்த தாய்க்கு, வளைகுடாவிலிருந்து மகன் அதிகக் கட்டணம் கொடுத்துத்தான் பேச வேண்டியிருந்தது. தூரத்துப் பேச்சை இருந்த இடத்தில் கேட்கும் கருவியைக் கனவு கண்ட கவி பிறந்த எட்டயபுரம் நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. கருவி வந்துவிட்டது, வாசலுக்குத் தாழ்ப்பாள் போட்டுவிட்டார்கள்.

இதற்கு ஒரு நியாயமே இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம். கிராமத்து டெலிபோன் லாபம் தராது. கம்பம் நட்டு, கம்பி இழுத்து, ஓரிரண்டு வீட்டுக்கு இணைப்புக் கொடுப்பது பொதுத்துறை பி.எஸ்.என்.எல்.தான். அந்த நஷ்டத்தை ஈடுகட்ட, வெளியூர் வெளிநாட்டுப் பேச்சுகளின் மீது 2003 முதல் ஒரு தனிக் கட்டணம் விதித்தார்கள். துபாஷியைத் தாராளமாக விட்டால் இந்தக் கட்டணம் தப்பிப்போகும். கிராமத்து டெலிபோன் நலியும். இது யோசிக்க வேண்டிய வாதந்தான்.

ஆனால் அந்தக் கட்டணத்தை 2008-ல் எடுத்துவிட்டார்கள். அதே 2008 ஆகஸ்டில் டெலிபோன் ஒழுங்குமுறை ஆணையமான டிராய், “தடையை நீக்குங்கள்” என்று சிபாரிசும் செய்தது. கட்டணம் போனது, சிபாரிசும் வந்தது. பூட்டு மட்டும் நின்றது. 2017 அக்டோபரில் டிராய் மறுபடியும் சிபாரிசு செய்ய, 2018-ல்தான் டெலிபோன் இலாகா லைசென்ஸ் விதியைத் திருத்தியது. அந்த ஜூலையில் பி.எஸ்.என்.எல். ‘விங்ஸ்’ என்ற திட்டத்தை அறிமுகம் செய்தது. 10 இலக்க நம்பர் ஒன்று, வருஷத்துக்கு 1,099 ரூபாய். இண்டர்நெட் இருக்குமிடத்திலிருந்து நாட்டின் எந்த டெலிபோனுக்கும் பேசலாம் என்றது.

முதல் ஆறு வருஷத்துக்குக் கிராமத்து டெலிபோன் காரணம். அடுத்த பத்து வருஷத்துக்கு என்ன காரணம்? பூட்டிய வாசலால் யார் வருமானம் காக்கப்பட்டது என்று பார்த்தால், கிராமத்து டெலிபோன் அந்தக் கணக்கில் இல்லை. மறுப்புச் சீட்டில் காரணக் கட்டம் காலியாகவே இருந்தது.

கள்ள வாசல்

நேர் வாசலைப் பூட்டினால் கொல்லை வாசல் திறக்கும். டஜன் கணக்கில் சிம் கார்டுகளைச் செருகிய பெட்டி ஒன்றை ஓர் அறையில் வைத்துவிடுகிறார்கள். வெளிநாட்டிலிருந்து இண்டர்நெட் வழியாக வரும் பேச்சை அது வாங்கி, உள்ளூர் மொபைல் பேச்சு போல வெளியே விடுகிறது. சிம் பாக்ஸ் என்று பெயர். இதுவும் ஒரு கேட்வேதான், சட்டவிரோதமான கேட்வே.

இது நடப்பதற்குக் காரணம் காசு. உள்நாட்டில் ஒரு கம்பெனியின் மொபைலிலிருந்து மற்றொரு கம்பெனியின் மொபைலுக்குப் பேச்சைச் சேர்க்க முன்பு நிமிடத்துக்கு 14 காசு வாங்கினார்கள். 1-10-2017 முதல் 6 காசு. 1-1-2021 முதல் எதுவுமில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் பேச்சுக்கோ, 1-5-2020 முதல் நிமிடத்துக்கு 35 காசிலிருந்து 65 காசு வரை வாங்கலாம் என்று டிராய் வகுத்தது. இந்த இடைவெளியில்தான் சிம் பாக்ஸ்காரர் பிழைக்கிறார்.

இதில் நமக்கு என்ன என்று இருந்துவிடக் கூடாது. துபாயிலிருந்து வரும் அழைப்பு திரையில் ஏதோ உள்ளூர் நம்பராகத் தெரியும். “போலீஸ் பேசுகிறோம், உங்கள் பெயரில் கேஸ்” என்று மிரட்டிப் பணம் பறிக்கும் கூட்டமும் இந்த முகமூடியைத்தான் மாட்டிக்கொள்கிறது. வெளிநாட்டு அழைப்பு இந்திய நம்பரில் வந்தால் புகார் செய்ய, அரசாங்கத்தின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் இடம் இருக்கிறது. உங்கள் பெயரில் எத்தனை சிம் கார்டுகள் இருக்கின்றன என்பதையும் அங்கே பார்த்துக்கொள்ளலாம். தெரியாத ஆளுக்குச் சிம் வாங்க நம் கைரேகையைக் கொடுத்துவிட்டால், அந்தக் கள்ளப் பெட்டிக்குள் நம் பெயரும் செருகப்படும் என்பதை ஒவ்வொரு வீட்டிலும் சொல்லுங்கள்.

இன்று வாசல் எங்கே?

எச்.323 இன்று பழைய பெயர். 2002-ல் திருத்தமான உருவம் பெற்ற சிப் என்ற முறை அதன் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. கேட்கீப்பர் என்ற சொல்லும் மெல்ல மறைகிறது. வேலை மறையவில்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்ததிலிருந்து நம் மொபைல் பேச்சே 4ஜி-யில் பொட்டலமாகப் போகத் தொடங்கிவிட்டது. அங்கும் பதிவுப் பேரேடு உண்டு, அனுமதி உண்டு, பழைய டெலிபோனோடு இணைக்கத் துபாஷி உண்டு. இண்டர்நெட் டெலிபோன் என்பது யாரோ படித்தவர்கள் சமாச்சாரம் அல்ல; கரிசல் காட்டில் ஆடு மேய்ப்பவர் பேசுவதும் இன்று அதுதான்.

இதற்கு அப்பால் வாட்ஸப் போன்றவை இருக்கின்றன. இலவசம் என்கிறோம். அங்கே பேரேடு ஒரு கம்பெனியிடம் இருக்கிறது. அந்தக் கம்பெனிக் கணக்கு இல்லாதவருக்கு அந்த வீட்டுக்குள் இடமில்லை. அங்கிருந்து 108 ஆம்புலன்சைக் கூப்பிட முடியாது. லேண்ட்லைன் வைத்திருக்கும் பெரியவரைக் கூப்பிட முடியாது. காவலாள் உண்டு, துபாஷி இல்லை. 2002-ல் அரசாங்கம் போட்ட அதே பூட்டை, இன்று கம்பெனி தன் லாபத்துக்காகப் போட்டுக்கொண்டிருக்கிறது.

இதை மாற்ற முடியாதா? ஐரோப்பிய யூனியன் ஒரு சட்டம் செய்திருக்கிறது. 6-9-2023 அன்று ஆறு பெரிய கம்பெனிகளை அது ‘கேட்கீப்பர்கள்’ என்றே பெயர் சொல்லி அறிவித்தது. வாட்ஸப்பின் சொந்தக்காரரான மெட்டா அவற்றில் ஒன்று. பிற செய்திச் சேவைகள் கேட்டால் கதவைத் திறந்து இணைப்புத் தர வேண்டும். முதலில் எழுத்துச் செய்திக்கு, நான்கு வருஷத்துக்குள் குரல் பேச்சுக்கும் என்று கெடு வைத்தது. துபாஷியை வைக்க முடியாது என்பதல்ல. வைக்கச் சொல்ல ஆள் வேண்டும்.

கரண்டு போனால்?

இன்னொரு விஷயத்தையும் மறக்கக் கூடாது. பழைய லேண்ட்லைனுக்கு வேண்டிய மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்து செப்புக் கம்பி வழியாகவே வந்தது. அங்கே 48 வோல்ட் பேட்டரி இருந்தது. வீட்டில் கரண்டு போனாலும் டெலிபோன் பேசும். கண்ணாடி இழை வழியாக வரும் இண்டர்நெட் டெலிபோன் அப்படி அல்ல. வீட்டுப் பெட்டிக்குக் கரண்டு இல்லையென்றால் அது ஊமை. மொபைல் கோபுரத்தில் பேட்டரியும் டீசலும் தீர்ந்தால் அதுவும் ஊமை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் ஜில்லா இதைப் பட்டு அறிந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே வெள்ளத்தில் சிக்கி நின்றது. பல ஊர்களில் மின்சாரமும் போயிற்று, டெலிபோனும் போயிற்று. உறவினர் உயிரோடிருக்கிறாரா என்று அறிய முடியாமல் ஜனங்கள் தவித்தார்கள். காவலாள் எவ்வளவு நியாயவானாக இருந்தாலும், விளக்கு அணைந்த வாசலில் அவனால் என்ன செய்ய முடியும்? இத்தகைய நேரத்துக்கு மாற்றுக் கேட்கீப்பர் வைக்க எச்.323 விதிமுறையிலேயே வழி உண்டு. அந்த வழி கோபுரத்துப் பேட்டரிக்கும் டீசலுக்கும் பொருந்த வேண்டாமா?

பழுது பார்க்க ஆளும் வேண்டும். 2020 ஜனவரி 31-ல் பி.எஸ்.என்.எல்.லில் 78,569 ஊழியர்கள் விருப்ப ஓய்வில் வெளியேறினார்கள். இருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர். கம்பம் கம்பமாக ஏறி இறங்கிய அநுபவம் அவர்களோடு போய்விட்டது. யந்திரம் தானாக ஓடும் என்பது பாதி உண்மை. மழையில் அறுந்த இழையை ஒட்ட மனிதக் கை வேண்டும்.

நாம் கேட்க வேண்டியவை

காவலே வேண்டாம் என்பது நம் கட்சி அல்ல. ஆறாவது ஆள் கணக்கு அதை நமக்குக் கற்றுக்கொடுத்தது. நல்ல காவல் வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

முதலாவது, விதி எழுத்தில் இருக்க வேண்டும். யாரும் படிக்கும்படி இருக்க வேண்டும். இது பேராசை அல்ல. ஜி.என்.யு. கேட்கீப்பர் என்று ஒரு புரோகிராம் இருக்கிறது. 1999-ல் மார்க் ஸ்பென்சர் தொடங்கிய ஆஸ்டரிஸ்க் இருக்கிறது. இரண்டிலும் உள்ளே எழுதியிருப்பதை எவரும் படிக்கலாம், திருத்தலாம், சும்மா எடுத்து ஓட்டலாம். இந்த வட்டாரத்து எஞ்சினீயரிங் காலேஜில் படிக்கும் நம் பிள்ளைகள் பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் இதைப் போட்டு, ஒரு சங்க ஆபீசுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ உள் டெலிபோன் அமைத்துப் பார்க்கட்டும். விதியைத் தன் கையால் ஒருமுறை எழுதியவனை, “யந்திரம் அப்படித்தான்” என்று சொல்லி ஏமாற்ற முடியாது.

இரண்டாவது, மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். யந்திரத்துக்கு விதித்ததை அரசாங்கத்துக்கும் கம்பெனிக்கும் விதிக்க வேண்டும்.

மூன்றாவது, அவசர அழைப்புக்கு எந்த வாசலிலும் எந்த நேரத்திலும் இடம் இருக்க வேண்டும். அதற்கான மின்சாரமும் இருக்க வேண்டும்.

நான்காவது, காவலாளின் பேரேடு உளவுப் புத்தகம் ஆகக் கூடாது. யார், யாருடன், எப்போது, எவ்வளவு நேரம் பேசினார் என்ற கணக்கை இரண்டு வருஷம் வைத்திருக்க வேண்டுமென்று 2021-ல் லைசென்ஸ் விதியைத் திருத்தினார்கள். பேச்சைக் கேட்காமலே ஒரு மனிதனின் வாழ்க்கையை அந்தக் கணக்கிலிருந்து எழுதிவிடலாம். டெலிபோன் பேச்சு அந்தரங்க உரிமையைச் சேர்ந்தது என்று சுப்ரீம் கோர்ட் 1996-ல் தீர்ப்பளித்தது; அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் உறுதி செய்தது. அந்தத் தீர்ப்புகள் பேரேட்டுக்கும் காவலாக நிற்க வேண்டும்.

ஐந்தாவது, இரண்டு உலகத்துக்கும் நடுவே துபாஷி இருந்தே தீரவேண்டும். எந்தக் கம்பெனியின் வாடிக்கைக்காரர் என்று பார்க்காமல் எவரும் எவரோடும் பேச வழி வேண்டும்.

தோழர்களே! நிலத்துக்கு வாய்க்கால், ஊருக்கு ரோடு, பேச்சுக்கு வாசல். வாய்க்காலில் மடை எப்போது திறக்கும் என்று கேட்க நமக்கு உரிமை உண்டென்பதை அறிவோம்; ரோடு எங்கே போகும் என்று கேட்கவும் கற்றுக்கொண்டோம். இனி, பேச்சின் வாசலில் நிற்கும் காவலாளைப் பார்த்தும் கேட்போம்: உனக்கு உத்தரவு கொடுத்தது யார்? அந்த உத்தரவை எங்களுக்குப் படித்துக் காட்டு!